தன்னார்வலரும் ஊழியர்தான்: அமைப்புகளில் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவை ஒழுங்காக அமைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் அறக்கட்டளையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் 14 பேர். தலைமை அலுவலகம் தவிர இரண்டு மாவட்டங்களில் கிளை உண்டு. தன்னார்வலர்கள் சுமார் 150 பேர். பாதிக்கு மேல் பெண்கள், அதிலும் கல்லூரி மாணவிகள் அதிகம். உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். தன்னார்வலர்களுக்கும் அது பொருந்துமா? எப்படி அமைப்பது? நிறுவனர் மீதே புகார் வந்தால் யார் விசாரிப்பது?

பதில்:

பொருந்தும். பல அமைப்புகள் தடுக்கி விழுவது இங்கேதான். "அவங்க வாலண்டியர்தானே, நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்ற ஒரு வரியில் புகாரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் (போஷ் சட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும்) "ஊழியர்" யார் என்பதைப் பிரிவு 2(எஃப்)-இல் சொல்கிறது. நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சியாளர் எல்லாரும் அதில் உண்டு. ஊதியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தன்னார்வமாக வேலை செய்பவரும் உண்டு. புகார் கொடுக்கும் பெண் உங்கள் ஊழியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் பயிற்சிக்கு வந்த கிராமத்துப் பெண்ணும் புகார் கொடுக்கலாம்.

"பணியிடம்" என்பதும் அலுவலகத்தின் நான்கு சுவர் அல்ல. அறக்கட்டளை, சங்கம், தொண்டு நிறுவனம் எல்லாம் சட்டத்தில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. வேலை நிமித்தம் போன இடமும், அதற்காக அமைப்பு ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. முகாம் நடந்த மண்டபம், ஆர்ப்பாட்டம் முடிந்து ஆட்களை ஏற்றிவந்த வேன், இரவு தங்கவைத்த வீடு எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பு.

இந்தச் சட்டத்தின் வேரே ஒரு களப்பணியாளருக்கு நேர்ந்த கொடுமை. ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் உள்ள பட்டேரி கிராமத்தில், மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் "சாத்தின்" என்ற பெயரில் சிறு மதிப்பூதியத்துக்கு வேலை செய்தவர் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்க, 1992 செப்டம்பரில் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். குயவர் சாதிப் பெண் அவர். எதிரிகள் ஊரில் செல்வாக்குள்ள சாதியினர். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போன பிறகு, 1997 ஆகஸ்ட் 13 அன்று, பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நீதிமன்றம் தந்த விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. அது சட்டமாக மாற இன்னும் 16 ஆண்டுகள் ஆயின. ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் பெண்ணுக்கு, அவளை அனுப்பியவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. தன்னார்வலரை வெளியே நிறுத்தும் அமைப்பு அந்த உயிர்நாடியையே அறுத்துவிடுகிறது.

இனி குழுவுக்கு வருவோம். நிர்வாகக் குழு தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்கிறது பிரிவு 4. அமைப்பின் லெட்டர்ஹெட்டில் உறுப்பினர் பெயர்கள், தொலைபேசி எண்கள், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. குழுத் தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண். ஊழியர்களிலிருந்து குறைந்தது 2 பேர். பெண்கள் பிரச்சினைகளில் வேலை செய்யும் அமைப்பிலிருந்தோ இந்த விஷயம் தெரிந்தவர்களிலிருந்தோ வெளி உறுப்பினர் ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள்.

ஆக, சட்டப்படி 4 பேர் போதும். ஆனால் 5 பேர் போடுங்கள். விசாரணைக்கு உட்கார குழுத் தலைவர் உட்பட 3 பேராவது வேண்டும். ஒருவர் எதிர்த்தரப்புக்கு (புகாருக்கு ஆளானவருக்கு) நெருக்கமானவர் என்று விலகி, இன்னொருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் 4 பேர் குழு அன்றே நின்றுவிடும். ஊழியர் உறுப்பினர்களில் ஒருவர் தன்னார்வலராகவும் ஒருவர் கிளையில் இருப்பவராகவும் அமைந்தால் நல்லது. தன்னார்வலரும் சட்டத்தின் பார்வையில் ஊழியர் என்பதால் தாராளமாகச் சேர்க்கலாம். வயதிலும் சாதியிலும் ஒரே வட்டத்து ஆட்களாக இருக்க வேண்டாம். தலித் பகுதியில் வேலை செய்யும் அமைப்பின் குழுவில் ஒரு தலித் பெண்கூட இல்லை என்றால் அந்தப் பகுதிப் பெண் ஏன் வந்து பேசப் போகிறாள்?

யாரைப் போடக்கூடாது என்பது இன்னும் முக்கியம். நிறுவனரின் மனைவியையோ தங்கையையோ குழுத் தலைவர் ஆக்குவது நம் ஊர் அமைப்புகளில் சர்வசாதாரணம். "மூத்த பெண் வேற யாரும் இல்லையே" என்பார்கள். அப்படி இல்லாவிட்டால் உங்கள் இன்னொரு கிளையிலிருந்தோ வேறொரு அமைப்பிலிருந்தோ ஒருவரை நியமிக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வெளி உறுப்பினராக உங்கள் ஆடிட்டரையோ, ஆண்டு முழுவதும் உங்களிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்கும் வழக்கறிஞரையோ வைக்காதீர்கள். அவர் வெளி ஆள் இல்லை. விதிகள் வெளி உறுப்பினருக்கு அமர்வு நாள் ஒன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் தரச் சொல்கின்றன. இரண்டு பஸ் மாறி வருபவருக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு? ஆண்டுப் பட்ஜெட்டிலேயே இதற்கென்று ஒரு தலைப்புப் போட்டு நியாயமான தொகை ஒதுக்குங்கள். பணம் இல்லை என்று அமர்வு தள்ளிப்போகக் கூடாது.

கிளைகளுக்குத் தனித்தனிக் குழு வேண்டும் என்பது சட்டம். தன்னார்வலரையும் எண்ணிப் பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள கிளைக்குத் தனி ஆணை போடுங்கள். 10 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெண்கள் போக வேண்டிய இடம் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழு. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டு அதன் முகவரியை வாங்கி, கிளையின் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். உங்கள் குழு உறுப்பினர் பெயர்களும் எண்களும் அதே பலகையில் இருக்கட்டும்.

புகார் வரும் நாளைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். அது பெரும்பாலும் புகாராக வராது. "அக்கா, இனிமே அந்த முகாமுக்கு நான் போகலை" என்று ஒரு மெசேஜாக வரும். கேட்பவர் அங்கேயே "ஏன், என்ன ஆச்சு, அப்பவே ஏன் சொல்லலை?" என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். தேதி, இடம், நேரம் எல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அப்போது சொல்ல வேண்டியது: குழு இருக்கிறது, இன்னார் தலைவர், எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்கள், எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை, இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை, ஆனால் கால வரம்பு உண்டு. அவர் போனில் இருக்கும் செய்திகளை அழிக்க வேண்டாம் என்று மட்டும் அன்றே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைக்கட்டும்.

எழுத்துப் புகார் 6 பிரதிகளில் வர வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒரே ஒரு தாளில் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு ஜெராக்ஸை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 6 இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். 7 வேலை நாட்களுக்குள் ஒரு பிரதி எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் 10 வேலை நாட்களுக்குள் ஆவணங்களோடும் சாட்சிப் பட்டியலோடும் பதில் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். முடிந்த 10 நாளில் அறிக்கை. அறிக்கை கிடைத்த 60 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 160 நாள். ஐந்து மாதத்துக்கு மேல் அந்தப் பெண் எங்கே, யாரோடு வேலை செய்வாள் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

அதற்குத்தான் இடைக்கால நிவாரணம். அவர் எழுதிக் கேட்டால் அவரையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றலாம். வழக்கமான விடுப்புக்கு மேல் 3 மாதம் வரை விடுப்புத் தரலாம். எதிர்த்தரப்பு அவருடைய வேலையை மதிப்பிடுவதைத் தடுக்கலாம். இயக்கங்களில் நடப்பது என்னவென்றால், "நீ கொஞ்ச நாள் வராம இரு, எல்லாம் அடங்கட்டும்" என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கம்போல மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். அவள் கேட்காமல் அவளை நகர்த்தாதீர்கள். எதிர்த்தரப்பைக் களப் பொறுப்பிலிருந்தும், வாட்ஸ்அப் குழு அட்மின் பொறுப்பிலிருந்தும், பயண ஏற்பாட்டிலிருந்தும் விசாரணை முடியும்வரை விலக்கி வையுங்கள். தண்டனையாக இல்லை, இடைக்கால ஏற்பாடு என்று எழுத்தில் சொல்லியே செய்யுங்கள்.

விசாரணையில் இரு தரப்பையும் ஒரே அறையில் எதிரெதிரே உட்காரவைக்க வேண்டிய அவசியம் இல்லை. எதிர்த்தரப்பு கேட்க விரும்பும் கேள்விகளை எழுதி வாங்கி, குழுத் தலைவர் கேட்டு, பதிலைப் பதிவு செய்து அவருக்குக் காட்டலாம். வழக்கறிஞரை இரு தரப்பும் கூட்டி வர முடியாது. வாக்குமூலத்தை அவரவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று குழு தன் நடையில் எழுதிவைத்தால் பிறகு அதற்கு ஒரு பொருளும் இராது. எங்கே கை வைத்தார், என்ன வார்த்தை சொன்னார், அப்போது வேனில் எந்த சீட்டில் யார் இருந்தார்கள் என்பது வர வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். நேரில் பார்த்த சாட்சி இல்லை என்பதால் புகார் விழுந்துவிடாது. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் ஐயந்திரிபற்ற நிரூபணம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல என்று பிரிவு 14 தெளிவாகச் சொல்கிறது. "நிரூபிக்காட்டி உன் மேல நடவடிக்கை" என்று மிரட்டும் குழு சட்டத்தைப் படிக்கவில்லை.

அவசரமும் கேடு. கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் வந்த புகார்களைக் குழு விசாரித்த விதத்தில், எதிர்த்தரப்புக்குத் தன் பக்கம் சொல்லப் போதிய வாய்ப்புத் தராமல் அமர்வுகளை அடுக்கடுக்காக வைத்து முடித்தார்கள் என்று 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் குறை கண்டது. நடவடிக்கையை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 14 ஆண்டு கழித்துப் புகார் கொடுத்த பெண்கள் தொடங்கிய இடத்துக்கே வந்தார்கள். எதிர்த்தரப்புக்கு நியாயமான அவகாசம் தருவது அவருக்குச் செய்யும் சலுகை இல்லை. தீர்ப்பு நிலைத்து நிற்க அந்தப் பெண்ணுக்குத்தான் அது தேவை.

சமரசம் பற்றி ஒரு சொல். விசாரணைக்கு முன் சமரசம் செய்யலாம், ஆனால் அந்தப் பெண் கேட்டால் மட்டும். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக்கூடாது. மூத்த தோழர்கள் நாலு பேர் அவள் வீட்டுக்குப் போய் "இயக்கத்தின் பெயர் கெட்டுவிடும், எதிரிகள் இதைப் பயன்படுத்துவார்கள்" என்று பேசுவது சமரசம் ஆகாது, அது அழுத்தம். சமூக அமைப்புகளுக்கே உரிய நோய் இது. கம்பெனியில் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் மூடுகிறார்கள். இங்கே விசுவாசத்தைக் காட்டி வாயை மூடவைக்கிறார்கள். பொதுக்குழுவில் புகாரை விவாதத்துக்கு வைத்துக் கைதூக்கி முடிவெடுப்பது அதைவிட மோசம். பிரிவு 16 கேட்கும் ரகசியம் அங்கேயே போயிற்று. ரகசியத்தை மீறினால் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. அதற்காக எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சட்டம் சொல்லவில்லை. பெண்ணையும் சாட்சிகளையும் அடையாளம் காட்டாமல், கிடைத்த நீதியைப் பற்றிச் சொல்ல அதே பிரிவு இடம் தருகிறது. "புகார் வந்தது, விசாரித்தோம், நிரூபணமானது, நடவடிக்கை எடுத்தோம்" என்று அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் வதந்தி அறிவிக்கும்.

நிறுவனர் மீது புகார் வந்தால் உங்கள் குழுவுக்கு அதில் வேலை இல்லை. நிர்வாகத்தையும் கட்டுப்பாட்டையும் கையில் வைத்திருப்பவர் சட்டத்தின்படி "வேலை அளிப்பவர்". அவர் மீதான புகார் உள்ளூர்க் குழுவுக்குப் போகும். ஊரகப் பகுதியில் வட்டார, தாலுகா அளவிலும், நகர்ப்புறத்தில் வார்டு அல்லது நகராட்சி அளவிலும் உள்ள தொடர்பு அலுவலரிடம் கொடுத்தால் அவர் 7 நாளில் அனுப்பிவைக்க வேண்டும். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் பதியலாம். உங்கள் நடத்தை விதிகளில் இதை எழுதிவையுங்கள்: நிர்வாக அறங்காவலர் மீது புகார் போனால், அது முடியும்வரை அவர் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரமும் ஆட்களை எடுக்கும், நீக்கும் அதிகாரமும் இன்னொரு அறங்காவலரிடம் இருக்கும். சம்பளக் கையெழுத்து அவரிடமே இருந்தால் எந்த சாட்சி வாயைத் திறப்பார்?

பதிவு பெறாத இயக்கம், பல அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு ஆகியவற்றில் சட்டம் நழுவும் இடம் உண்டு. மலையாள சினிமாவின் விமன் இன் சினிமா கலெக்டிவ் தொடுத்த வழக்கில் 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், படப்பிடிப்புக் குழுக்களுக்கு உள்ளகக் குழு வேண்டும் என்றது. அதே தீர்ப்பில், அரசியல் கட்சிக்கும் அதன் உறுப்பினருக்கும் வேலை அளிப்பவர்–ஊழியர் உறவு இல்லாததால் கட்சிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்றும் சொன்னது. உறுப்பினர்களால் மட்டுமே இயங்கும் இயக்கத்துக்கும் இதே வாதத்தை வைக்க இடமிருக்கிறது. அதனால் கூட்டுப் போராட்டம் தொடங்கும்போதே ஒரே பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதி எல்லா அமைப்புகளும் கையெழுத்திடுங்கள்: யாருடைய குழு விசாரிக்கும், வெளி உறுப்பினர் யார், முடிவை எல்லா அமைப்புகளும் ஏற்கும் என்று. ஓர் அமைப்பு நீக்கியவரை அடுத்த மாதமே பக்கத்து அமைப்பு மேடையேற்றுவது இதனால்தான் தடைபடும்.

கால வரம்பு, சம்பவத்திலிருந்து 3 மாதம். தொடர் சம்பவம் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து. தக்க காரணத்தைப் பதிவு செய்து இன்னும் 3 மாதம் நீட்டலாம், அதற்கு மேல் முடியாது. கொல்கத்தாவில் ஒரு துணைவேந்தர் மீதான புகார், கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் டிசம்பர் என்பதால் காலம் கடந்தது என்றே உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொன்னது. ஆனால் இயக்கங்களில் பெண்கள் பேச ஓராண்டு, ஈராண்டு ஆகிறது. அதற்காகத்தான் சட்டப்படியான கொள்கையோடு தனி நடத்தை விதிகளும் வேண்டும். கால வரம்பு தாண்டிய புகாரை ஒழுங்கு நடவடிக்கையாக அதன் கீழ் விசாரிக்கலாம். காவல்துறை வழியும் தனியே இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 75இன் கீழ் பாலியல் துன்புறுத்தல் குற்றம். அவர் போக விரும்பினால் உதவுவது உங்கள் சட்டக் கடமை. போகச் சொல்லி வற்புறுத்துவது கடமை இல்லை.

மாணவிகளில் 18 வயது நிறையாதவர் யாராவது இருந்தால் கணக்கே வேறு. போக்சோ சட்டத்தின் பிரிவு 19 படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். "குழு விசாரிக்கட்டும்" என்று காத்திருந்தால் நிறுவனப் பொறுப்பாளருக்கே ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098. பெண்கள் உதவி எண் 181. சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதி கேளுங்கள்.

சட்டம் புகார்தாரராகப் பெண்ணை மட்டுமே பார்க்கிறது. திருநங்கை, திருநம்பி, ஆண் தன்னார்வலர் புகார்களையும் இதே குழு விசாரிக்கும் என்று நடத்தை விதிகளில் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை, சேருங்கள்.

தண்டனையிலும் தன்னார்வலர் விஷயத்தில் ஓட்டை விழும். எழுத்து மன்னிப்பு, எச்சரிக்கை, சம்பள உயர்வு நிறுத்தம், பணிநீக்கம் என்று விதிகள் அடுக்குகின்றன. சம்பளமே இல்லாதவருக்கு எதை நிறுத்துவது? எனவே உங்கள் நடத்தை விதிகளில் வெளிப்படையாக எழுதுங்கள்: பொறுப்பிலிருந்து நீக்கம், மேடையும் பயிற்சி வகுப்பும் இல்லை, அடையாள அட்டை திரும்பப் பெறல், இத்தனை ஆண்டு தடை. தன்னார்வலர் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இழப்பீட்டை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கலாம். மற்றவர் கட்ட மறுத்தால் நில வரிப் பாக்கி போல வசூலிக்க, இந்தச் சட்டத்துக்கென்று அரசு அறிவித்த மாவட்ட அலுவலருக்கு அனுப்ப வழி உண்டு. நடுவில் ராஜினாமா செய்தார் என்று விசாரணையை மூடாதீர்கள். முடித்து, பதிவில் வையுங்கள்.

குழு தொலைவில் இருந்தால் பயனில்லை என்பதைத் திண்டுக்கல் நன்றாகவே காட்டியது. 2021இல் ஆடை ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி 2022 ஏப்ரலில் ஆடை நிறுவனத்தோடு, ஆலையில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. சங்கம் தேர்ந்தெடுத்த பெண் தொழிலாளர்களே உற்பத்தித் தளத்தில் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பழிவாங்கலுக்குத் தடை, நிர்வாகத்தைச் சாராத விசாரணையாளர்கள், மீறினால் ஆர்டரைப் பாதிக்கும் வகையில் வாங்கும் பிராண்டோடும் ஒப்பந்தம். உங்கள் அமைப்புக்கு ஏற்ற மாதிரி இதைச் சிறிதாக்கலாம்: ஒவ்வொரு முகாமுக்கும் பயணத்துக்கும் ஒரு பெண் தொடர்பாளர், அவர் பெயர் முதல் நாள் காலையிலேயே அறிவிப்பு. தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, கடைசி வேனில் ஒரே ஒரு பெண் மட்டும் மிஞ்சுகிறாரா என்று பார்ப்பது அவர் வேலை. விசாரிப்பது அவர் வேலை அல்ல. கேட்டு, குழுவிடம் சேர்ப்பதோடு சரி.

ஆண்டு முடிந்ததும் குழு உங்களுக்கும் மாவட்ட அலுவலருக்கும் அறிக்கை தர வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி நிற்பவை எத்தனை, எத்தனை பயிலரங்கு நடந்தது, என்ன நடவடிக்கை என்ற விவரங்கள் அதில் வரும். குழுவே அமைக்காமல் இருந்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். பல அறிக்கைகளில் புகார் எண்ணிக்கைக்கு எதிரே பூஜ்யம் என்று இருக்கும். அதை எழுதுமுன் ஒரு கிளைக்குப் போய், அன்று வந்திருக்கும் 10 பெண்களிடம் குழுத் தலைவரின் பெயரைக் கேளுங்கள். 3 பேருக்குத்தான் தெரிகிறது என்றால், அந்தப் பூஜ்யம் பலகை இல்லாத கிளையின் கணக்கு.